சங்கஞ்செடி பிடித்து வைத்தவர்கள்

எந்த ஊர் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். அப்பாவுக்கு வங்கியில் வேலை. ஓர் ஊரில் வேர் பிடிப்பதற்குள் மாற்றல் வந்துவிடும். பிறந்தது தர்மபுரி. பேசப் பழகியது நெல்லூர். பள்ளிக்கூடம் கரூர், ஓசூர், மறுபடி கரூர். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னால் கேட்டவர் தலையாட்டிவிட்டு, "அது சரி, பூர்வீகம் எது?" என்பார். பூர்வீகத்து வீட்டை அப்பா விற்றபோது நான் தொட்டிலில் கிடந்தேன். அதனால் இப்போதெல்லாம் கோயம்புத்தூர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். அங்கே வாடகைக்கு இருக்கிறேன், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் பிறந்த இடத்து வாசனையை ஒரு செடிக்குள் வைக்கிற வேலை வந்து சேர்ந்தது. வைத்தும் காட்டினேன். அது இழுத்து வைத்த வம்பைப் பார்க்கத்தான் சித்திரை வெயிலில் தேரிக்காட்டில் போய் இறங்கினேன்.

தேரியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். திருச்செந்தூர்ப் பக்கம், கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே, மிளகாய்ப்பொடியைக் கொட்டி வைத்ததுபோல் சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கும். காற்றுக் காலம் வந்தால் மேடு இடம் மாறும். பனையும் உடைமரமும் அங்கங்கே பிடிவாதமாக நிற்கும். அந்த மணலில் மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் ஆய்வு நிலையம் சங்கஞ்செடி நட்டது. அந்த மண்ணுக்கே உரிய முட்புதர் அது. கணுவுக்கு நாலு முள், வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பழம். பழத்துக்குக் குருவி வரும், இலையில் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும், முள்ளுக்கு அடியில் முயலும் கவுதாரியும் குட்டி குஞ்சோடு பதுங்கும். ஆனால் தேரியை விட்டுப் போன உயிர்களுக்குத் திரும்பி வர வழி மறந்துவிட்டிருந்தது. அதற்குத்தான் அந்த வாசனை.

தோட்டத்து வாசலில் தகரக் கொட்டகை. அங்கே காவலுக்கு இருப்பவள் லிங்கக்கனி; நடவுக்கு வந்தபோது பார்த்த முகம். முப்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. வந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுக்கும் முன்பே கேட்டாள்.

"மேடம், செடியப் புடுங்கதுக்கா வந்திருக்கிய?"

"அளக்கிறதுக்கு வந்திருக்கேன்."

"அளந்துட்டு?"

"எங்க டைரக்டருக்குச் சொல்லணும். மனுஷங்களை இழுக்கிற அளவுக்கு வாசம் இருந்தா எல்லாத்தையும் எடுத்துடணும்னு சொல்லியிருக்கார்."

அவள் முகம் செத்துப்போனது. "அப்பம் எங்க வீட்டுல உள்ளவிய போயிருவாவ," என்றாள்.

யார் போவார், எங்கே போவார், செடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம்.

விளங்க வைத்தவள் அவளேதான், கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே. அவள் புருஷன் சுயம்பு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வருவான், போவான். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. போன வருடம் பொங்கலுக்கு வந்தவன் லீவு முடிந்து கிளம்பினான். கிளம்பிய அன்றே திரும்பி வந்துவிட்டான். அதற்குப் பிறகு போகவேயில்லை. ஆறுமுகநேரியில் ஒரு கடை போட்டு பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறான், சாயங்காலம் வீடு திரும்புகிறான், பிள்ளைக்குத் தலை வாரி விடுகிறான்.

"முந்துன தடவ வந்தப்ப புள்ள அவியள மாமான்னு கூப்புட்டா மேடம். இப்பம் அப்பா இல்லாம சோறு எறங்க மாட்டேங்கு. எல்லாம் இந்தச் செடி செஞ்சது. ஊரே சொல்லுது, சங்கஞ்செடி புடிச்சு வச்சிருக்குன்னு. நீங்க அதப் புடுங்குனா அவிய நாளைக்கே பெட்டியத் தூக்கிருவாவ."

"அவர் ஏன் இருக்கார்னு நீங்க கேட்டதில்லையா?"

"எதுக்கு இருக்காவன்னு எனக்கு எதுக்கு மேடம்? இருக்காவல்லா."

வாசனை வைத்தது நான். அதைப் பிடுங்கச் சொல்லப் போகிறவளும் நான். ஒரு பெண்ணின் குடும்பம் என் கையில் இருக்கிறது என்று யாரும் கிளம்பும்போது சொல்லவில்லை.

கிளம்பும்போது சொன்னது வேறு விவகாரம். இந்தப் பக்கத்தில் குடும்பத்துக்குக் குலதெய்வமாக ஒரு சாஸ்தா உண்டு. எந்த ஊரில் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அந்தச் சாஸ்தா கோயிலுக்கு வந்து பொங்கலிட வேண்டும். தாத்தா காலத்திலேயே பிழைக்கப் போய்விட்ட குடும்பங்கள் பலவற்றுக்குத் தங்கள் சாஸ்தா யார் என்பது மறந்துவிட்டது. அவர்கள் வருடா வருடம் வந்து கோயில் கோயிலாக விசாரித்துத் திரிவார்கள். இந்தப் பங்குனியில் சிவகாசியிலிருந்து அப்படி வந்த ஒரு வேன் எங்கள் தோட்டத்தருகே மணலில் புதைந்தது. இறங்கிய அம்மாள் செடிகளைப் பார்த்தாள், ஓவென்று அழுதாள், "இதுதான்யா நம்ம இடம்" என்று அங்கேயே பானையை ஏற்றிவிட்டாள். அவர்களைப் பார்த்து இன்னொரு குடும்பம் வண்டியை நிறுத்தியது. அப்புறம் பம்பாயிலிருந்து வந்த ஒரு குடும்பம். மூன்று புதருக்கு அடியில் மூன்று கல் முளைத்தது. யார் சாஸ்தா யாருக்கு என்று வாய்ச்சண்டை, பிறகு சட்டை கிழிந்து போலீஸ். சனிக்கிழமைதோறும் கூட்டம் வர ஆரம்பித்தது. பக்கத்தில் நிஜமாகவே இருந்த அய்யனார் கோயில்காரர்கள் எங்கள் நிலையத்தின் மேல் புகார் கொடுத்தார்கள்.

டைரக்டர் தேசிகன் சாருக்குப் புகார் என்றாலே பயம். ஆனால் நெருப்பு வைத்ததே அவர்தான். நடவு விழாவில் டிவிக்காரர்களிடம், "இது செடி இல்லை, தாய்வீடு" என்று பேசியது அவர் வாய். மாவட்டம் முழுக்க அதைக் கேட்டது.

முதல் நாள் சாயங்காலம் கொட்டகைக்கு வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். வெயில் தணிந்திருந்தது. ஒரு கீரி புதருக்குள்ளிருந்து வந்து என்னைப் பார்த்துவிட்டு, இவள் நம்மாள்தான் என்பதுபோல் நிதானமாகக் கடந்து போனது. கொண்டைக்குருவிகள் பழத்துக்குச் சண்டை போட்டன. திடீரென்று என் தோள் தளர்ந்தது. இத்தனை வருடம் நான் தோளைத் தூக்கியே வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. இனிமேல் எங்கேயும் போகவேண்டாம் என்று இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. நான் செய்த மருந்து எனக்கே வேலை செய்கிறது! சமைத்தவளே ருசியில் மயங்கி விழுவதா? நாளைக்கே அளந்து, எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்த கையோடு லிங்கக்கனியின் முகம் ஞாபகம் வந்தது. முடிவு கலங்கிப்போனது.

காற்றிலுள்ள வாசனையை அளக்கும் கருவிக்கு எங்கள் நிலையத்தில் மூக்கு என்று பெயர். டிபன் கேரியர் அளவுக்கு இருக்கும். மறுநாள் காலை மூக்கைச் செடிக்குப் பக்கத்தில் வைத்தேன். பூஜ்யம் காட்டியது. வேறு செடிக்கு நகர்த்தினேன். பூஜ்யம். கல் முளைத்த புதருக்கு அடியில், விபூதிக்கும் வாழைப்பழத் தோலுக்கும் நடுவே வைத்தேன். அப்போதும் பூஜ்யம்தான்.

மணல் புகுந்திருக்கும் என்று அதைக் கழற்ற உட்கார்ந்தேன். கடைக்குப் புறப்பட்ட சுயம்பு, திருப்புளியோடு வந்து உதவிக்கு உட்கார்ந்தான். ஒல்லியான ஆள். பேச்சு குறைவு.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? அந்தச் செடியில என்னத்த வச்சிருக்கிய?"

"சில மீன் கடல்ல எங்கெங்கயோ சுத்திட்டு, முட்டை போடப் பொறந்த ஆத்துக்கே திரும்பி வரும், கேள்விப்பட்டிருக்கீங்களா? அந்த ஆத்துத் தண்ணியோட வாசனை அதோட மூளையில பதிஞ்சிருக்கு. எல்லா உயிருக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைத் தொடுற ஆவியை இந்தச் செடி விடும். மூக்குக்கு மணம் எதுவும் தெரியாது. ஆனா, இங்கதான் நாம பொறந்தோம்னு தோணும்."

"மொசலுக்கா?"

"முயலுக்கு, நரிக்கு, குருவிக்கு. மனுஷனுக்குத் தோணலைன்னு சோதிச்சுப் பாத்துட்டுத்தான் நட்டோம்."

"எப்படி சோதிச்சிய?"

"கோயம்புத்தூர்ல ஆளுங்களைக் கூப்பிட்டுச் செடிகிட்ட உட்கார வச்சோம். சாயங்காலம் எல்லாரும் பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டாங்க. சரி, ஒண்ணும் தோணலை போலன்னு முடிவு பண்ணினோம்." சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான்.

"நீங்க ஏன் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போகலை?" என்று கேட்டேன்.

திருகாணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"தெரியல மேடம். திருவனந்தபுரத்துல பிளைட்டு. வள்ளியூர்ல பஸ்ஸு டீ குடிக்க நின்னுது. எறங்குனேன். ஏறல. எதுத்தாப்புல வந்த பஸ்ஸுல ஏறிட்டேன். வீட்டு வாசல்ல வந்து என்ன சொல்லதுன்னு தெரியாம பையத் தூக்கிக்கிட்டு நின்னேன். அவதான் சொன்னா, செடி இழுத்துருக்கும்னு. சரி, அப்படித்தாம் போலன்னு நானும் உள்ள போயிட்டேன்."

"கேக்கிறவங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?"

"செடின்னுதான் சொல்லுவேன். பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு இருக்க முடியலன்னு சொன்னா மானம் போயிரும்லா? செடின்னா எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

மூக்கைத் துடைத்து மாட்டினோம். மறுபடி பூஜ்யம் காட்டியது. நான் அதைத் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். இன்னொரு கருவியைப் பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்லி நிலையத்துக்கு போன் போட்டேன்.

அது வந்து சேரும்வரை இருக்கத்தானே வேண்டும்? இருந்தேன். சொல்லப்போனால், வராமலிருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. காலையில் எழுந்ததும் செடிகளுக்கு நடுவே நடப்பேன். ஒரு புதரின் வேரடியில் நரி வளை இருந்தது. குட்டிகள் வெளியே வந்து என் செருப்பை மோந்து பார்க்கும் அளவுக்குத் துணிச்சல் பெற்றுவிட்டன. லிங்கக்கனி, மேடம் என்பதை விட்டு எக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். நானும் அவளைக் கனி என்றேன். அவள் வீடு தோட்டத்துக்குப் பின்னால்தான். அங்கேதான் சாப்பாடு. புருஷன் நிலைக்கவேண்டுமென்று பின்வாசலில் இரண்டு சங்கஞ்செடிகளைக் கிளை வெட்டி நட்டு வைத்திருந்தாள். தினமும் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. ஒவ்வொரு தடவை மனம் குளிர்ந்தபோதும், இது நானா, என் மருந்தா என்று உள்ளே ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். கனி வைத்த குழம்பு பிடித்திருந்தது. குழம்பா, மருந்தா? பிள்ளை மடியில் வந்து உட்கார்ந்தபோது எழுப்பிவிட மனம் வரவில்லை. அது யாருடைய மனம்? ஒரு கட்டத்தில் பல் வலித்தபோதுகூட இது நிஜமா என்று சந்தேகப்பட்டேன்.

இரண்டாவது கருவி வந்தது. அதுவும் பூஜ்யம்.

அப்போதுதான் இலைகள் ஞாபகம் வந்தன. நட்டபோது, பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் இலை பறித்து உறையில் போட்டு பிரிட்ஜில் வைக்கும்படி காவலுக்கு இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தோம். விலங்குகள் வர ஆரம்பித்ததும், திட்டம் வெற்றி என்று மாலை மரியாதை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இலையை யார் கேட்கப் போகிறார்கள்? கனி மட்டும் சொன்னதை விடாமல் செய்திருந்தாள். நடுவில் கெட்டுப்போன பிரிட்ஜைச் சுயம்பு சரிசெய்து வைத்திருந்தான்.

இலைகளை அரைத்து ஒவ்வொன்றாகக் கருவிக்குக் காட்டினேன். நட்ட வருடத்து இலையில் வாசனை பொங்கி வழிந்தது. மறு வருடக் கோடையில் பாதியாகியிருந்தது. அந்த ஆடிக்காற்றோடு நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு எந்த இலையிலும் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து நுழைத்த குணத்தைச் செடி சில சமயம் தானாகவே வாயடைத்துவிடும். பாடப் புத்தகத்திலேயே உண்டு. எங்களுக்குத்தான் அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

சுயம்பு வள்ளியூரில் பஸ்ஸை விட்டு இறங்கியது அதற்கு அடுத்த தை மாதம். சிவகாசி அம்மாள் ஓவென்று அழுதது அதற்கும் அடுத்த வருடப் பங்குனி. நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அழுதது போன வாரம். இதில் ஒன்றுக்குக்கூட செடி பொறுப்பில்லை. வள்ளியூர் டீக்கடைக்கும் தேரிக்கும் எவ்வளவு தூரம் என்று அவன் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

தேசிகன் சாரைக் கூப்பிட்டேன்.

"பூஜ்யமா? ரொம்ப நல்லதாப் போச்சு!" என்றார். "அப்ப புடுங்க வேண்டாம். செடியில ஒண்ணுமே இல்லைன்னு கோயில்காரங்களுக்குப் பதில் கொடுத்துடலாம்."

"சார், அப்ப இந்தக் கூட்டம் எதுக்கு வருது?"

"அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லம்மா."

"கீரி, நரி எல்லாம் இன்னும் இருக்கு சார்."

"பழம் இருக்கு, நிழல் இருக்கு. இருக்காதா பின்ன?"

அது நியாயம்தான். முதலில் வாசனைக்கு வந்தவை பழத்துக்கு நின்றன, நின்றவை குட்டி போட்டன. அந்தக் குட்டிகளுக்கு இது மெய்யாகவே பிறந்த இடம். விலங்கு விஷயத்தில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை.

"சார், எனக்கே ஒரு மாதிரி இருக்கு. இங்கிருந்து கிளம்ப மனசு வரலை."

"நீ லீவு எடுத்து ரொம்ப நாளாச்சு, கோகிலா," என்றார், டாக்டரிடம் போகச் சொல்லும் குரலில். வைத்துவிட்டார்.

நான் கனி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். நல்ல செய்தி கொண்டுபோகிறவளுக்கு இருக்கும் அவசரம். செடிக்கு ஆபத்தில்லை, அதைவிடப் பெரிது, அவள் புருஷன் அவளுக்காகத்தான் இருக்கிறான். எந்தப் பெண்ணுக்கும் கேட்கக் கசக்காத செய்தி. அவள் பின்வாசலில் சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தது.

"கனி, செடியைப் புடுங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"எம் தெய்வமே!" என்று மீன் கையோடு கும்பிட்டாள்.

"இன்னொண்ணு கேளு. செடியில வாசமே கிடையாது. சுயம்பு வர்றதுக்கு முந்தியே நின்னுபோச்சு. அவர் திரும்பி வந்தது தானா வந்தது. உனக்காகவும் பிள்ளைக்காகவும்தான் இருக்கார். செடி எல்லாம் சும்மா."

அவள் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மீனைச் சட்டியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லியாக்கா?"

"ஒண்ணுமே இல்ல."

"நல்லாப் பாத்தியளா?"

"ரெண்டு கருவி வச்சுப் பார்த்தாச்சு. நீ எடுத்து வச்ச இலையிலயும் பார்த்தாச்சு."

மெள்ள சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். "ஏங்க்கா இத என்கிட்ட சொன்னிய?" என்றாள்.

"நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன், கனி."

"செடின்னா எனக்குத் தைரியமா இருந்துச்சு. தண்ணி ஊத்துனா நிக்கும். ஆடு கடிக்காமப் பாத்துக்கிட்டா நிக்கும். அது நின்னா அவியளும் நிப்பாவ. அவிய மனசுன்னா நான் எங்கன போயி தண்ணி ஊத்த?"

"அந்த மனசுதானே அவரைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தது?"

"இத்தன வருசமும் அவியகிட்ட இருந்தது அந்த மனசுதானக்கா. பிள்ளை பொறந்து ஆளு பாக்கக்கூட வரல. ஒவ்வொரு தடவையும் மஸ்கட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனதும் அதே மனசுதான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது கன்னத்தில் மீன் செதில் ஒட்டிக்கொண்டது. "அங்கருந்து இப்பமும் போன் வந்துக்கிட்டே இருக்கு. ஆள் வேணுமாம். அவிய எடுக்க மாட்டாவ. செடி இருக்குன்னு நானும் பயப்படாமக் கெடந்தேன். இனிமே ஒவ்வொரு தடவ போன் அடிக்கும்போதும் நான் என்ன செய்ய?"

ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். மனம் மாறாது என்று சத்தியம் செய்ய நான் யார்? என் மனமே எதற்காக இங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"அவியகிட்ட சொல்லிராதியக்கா," என்றாள். "செடி இல்லன்னு தெரிஞ்சா, அப்பம் நாம எதுக்கு இங்க இருக்கோம்னு யோசிச்சுப் பாப்பாவ. யோசிச்சா வம்பு."

"சொல்லலை."

"எக்கா, நட்ட புதுசுல கேன்ல கொண்டாந்து ஒரு மருந்து தெளிச்சிய. செடிய எழுப்புத மருந்துன்னு சொன்னிய. அது இருக்கா?"

இருந்தது. கொட்டகையில் என் பெட்டிக்குள் ஒரு போத்தல் இருந்தது. அதைத் தெளிப்பதென்றால் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும், வாயடைத்துப்போன செடி அதற்கு எழுந்திருக்காது. எழுந்தாலும், ஒரு மனிதனின் மூளைக்குள் கையை விட்டு அவனைப் பிடித்து வைக்க எனக்கு உரிமை இல்லை. இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

"ஒரே ஒரு தடவ. இந்த ரெண்டு செடிக்கு மட்டும் தெளிச்சு விடுங்கக்கா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வேலை செய்யாது, கனி."

"செய்யும். நீங்க தெளிச்சா செய்யும்."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, பிறகு என்மேல் வந்தது, பிறகு எல்லோரும் சேர்ந்து கும்பிட ஒரு சாக்கைச் செய்து கொடுத்த எங்கள் நிலையத்தின்மேல் வந்தது. எதன்மேலும் நிலைக்காமல் கோபம் தீர்ந்துபோனது. அவள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளிடம் நான் உண்மையைச் சொல்லியாகிவிட்டது. அது இவளுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை.

"இரு, வர்றேன்," என்றேன்.

கொட்டகைக்கு நடந்தேன். பழைய தெளிப்பான் மூலையில் கிடந்தது, பச்சை நிறத்தில், வாரோடு. பெட்டியைத் திறந்து போத்தலைக் கையில் எடுத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினேன். தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறந்து தெளிப்பானை நிரப்பினேன். பாதி கால்மேல் கொட்டியது.

வாசலில் வண்டிக்கார மகராஜன் காத்திருந்தார். மறுநாள் காலை என்னை ரயிலில் ஏற்ற வேண்டியவர். "மேடம், நாளைக்கு எத்தன மணிக்கு வரட்டும்? ஊருக்குப் போயிட்டு மறுபடி வருவியளா?" என்று கேட்டார்.

"எந்த ஊருக்கு?" என்றேன்.

அவர் விழித்தார். நானும் விழித்தேன். நாளைக்கு வேண்டாம், அப்புறம் சொல்லுகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

கனி செடிகளுக்குப் பக்கத்தில் கை கழுவி, முகம் கழுவி, தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றிருந்தாள். நான் தெளிப்பானைத் தோளில் மாட்டி, முதல் வருடம் செய்ததைப் போலவே கீழிலையிலிருந்து மேலாக, சுற்றிச் சுற்றித் தெளித்தேன். முள்ளுக்குள்ளிருந்து ஒரு குருவி சலித்துக்கொண்டு பறந்தது. இலைகள் நனைந்து மினுங்கின. சிவப்பு மணலில் சொட்டுச் சொட்டாகக் கறுத்தது.

கனி கண்ணை மூடிக்கொண்டு மூச்சை ஆழமாக இழுத்தாள். இழுத்த மூச்சு வெளியே வந்தபோது அவள் தோள் தளர்ந்தது.

"வந்துட்டுக்கா," என்றாள். "இப்பம் தெரியுது. ஒங்களுக்குத் தெரியுதா?"

நானும் மூச்சை இழுத்தேன். அந்த முதல் நாள் சாயங்காலம் வாளிமேல் உட்கார்ந்திருந்தபோது வந்த அதே உணர்வு, அதைவிடப் பலமாக எழும்பியது. இதுதான் என் ஊர் என்று உடம்பு முழுவதும் சொன்னது.

"தெரியுது," என்றேன்.

கேனில் தண்ணீர் பிடித்தவள் நான்தான்.